மலைக் காளான் சாப்பிடலாமா?

அணு உலை வெடித்த ஊருக்கு என்ன வைத்தியம்? ஸ்கேன், மாத்திரை, ஊசி என்றுதானே சொல்வீர்கள்! ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

2011 மார்ச் 11. ஜப்பானில் நிலநடுக்கம், சுனாமி, கூடவே ஃபுகுஷிமா அணு உலை விபத்து. ஃபுகுஷிமா மாகாணத்தில் நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 1,600 பேர். அதற்குப் பிறகு, ஊரை விட்டு ஓடிய அலைச்சலில், கவனிப்பில்லாமல், மனசு உடைந்து போய்ச் சேர்ந்தவர்கள் 2,300-க்கும் மேல்! பெரும்பாலும் வயசானவங்க. கதிர்வீச்சு தாக்கி உடனடியாக இறந்த ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. இடம்பெயர்ந்ததே நோயாகிவிட்டது.

ஃபுகுஷிமா மருத்துவப் பல்கலைக்கழகம் அந்த வருடமே மாகாணத்தின் சுமார் 20 லட்சம் மக்களுக்கும் உடல்நல ஆய்வு தொடங்கியது. வீடு விட்டுப் போனவர்களிடம் தெரிந்தது என்ன தெரியுமா? உடல் பருமன், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்பைத் தற்காலிகக் குடியிருப்பில் சும்மா உட்கார வைத்தால் வேறென்ன வரும்? மனச்சோர்வு தெரிந்தவர்களுக்கு நர்சுகளும் ஆலோசகர்களும் போன் போட்டுப் பேசினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

பிடிக்காததும் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தைராய்டு ஸ்கேன் எடுத்தார்கள். இதுவரை 300-க்கும் மேற்பட்டோருக்குப் புற்றுநோய் அல்லது அந்தச் சந்தேகம். நுட்பமான கருவியால் துருவித் துருவிப் பார்த்ததால் அகப்பட்டவை, கதிர்வீச்சால் வந்தவை அல்ல என்பது 2021-ல் வெளியான ஐ.நா. அறிவியல் குழு அறிக்கையின் முடிவு. மறுப்பவர்களும் இருக்கிறார்கள். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உண்டு என்பதைப் பெற்றோருக்கு இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கவாவுச்சி கிராமத்துக் கதை வேறு. சுமார் 3,000 பேர் இருந்த மலையூர். மொத்த ஊரும் கிளம்பிப் போனது. 2012 ஜனவரியில் 'திரும்பி வாருங்கள்' என்று ஊர்த்தலைவர் அழைத்தார். யாரை நம்பி வருவது? அரசாங்கப் பேச்சிலும் மின்சாரக் கம்பெனிப் பேச்சிலும் நம்பிக்கை போய்விட்டதே! 2013-ல் நாகசாகி பல்கலைக்கழகம் அங்கே ஒரு அலுவலகம் திறந்து, சுகாதார நர்ஸ் ஒருவரை ஊரிலேயே தங்க வைத்தது. நாகசாகி என்றால் சும்மாவா? 1945 ஆகஸ்ட் 9-ல் விழுந்த அணுகுண்டுக்கு ஆசிரியர், மாணவர், ஊழியர் என்று சுமார் 900 பேரைப் பறிகொடுத்த மருத்துவக் கல்லூரி அது.

கிராமத்து ஜனங்கள் பையில் காளானும் காட்டுக் கீரையும் கொண்டு வருவார்கள். 'இதைச் சாப்பிடலாமா?' உணவில் கதிரியக்க சீசியம் கிலோவுக்கு 100 பெக்கெரல் வரைதான் இருக்கலாம் என்பது ஜப்பானின் சட்டம். அளந்து பார்த்ததில், தோட்டத்துக் காய்கறி பெரும்பாலும் வரம்புக்குள். காட்டுக் காளான் பல தடவை வரம்பு தாண்டியது. அதை எண்ணாக மட்டும் சொல்லி அனுப்பவில்லை, உட்கார வைத்துப் புரிய வைத்தார்கள். தோட்டத்துக் காயைச் சாப்பிடுங்க, அந்தக் காளானை விட்டுடுங்க. இதுதானய்யா பத்தியம்! எல்லாத்தையும் விடு என்று சொல்ல வைத்தியன் எதற்கு?

'கதிர்வீச்சை எடுக்க லேகியம் இருக்கா?' என்று என்னிடமும் கேட்கிறார்கள். கிடையாது. அப்படிச் சொல்லி விற்க வருபவர் சித்த வைத்தியரே ஆனாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இளவயசுக்காரர்கள் பலர் கவாவுச்சிக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் படிப்பு டவுனில் வேர் பிடித்துவிட்டது. அதற்குப் பல்கலைக்கழகத்திடம் மருந்தில்லை.

நம்ம பக்கம் வருவோம். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் கடல் நீரையும் மீனையும் அளக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அளக்கிற ஆய்வகம் அணுசக்தித் துறையுடையது. பக்கத்திலுள்ள மருத்துவக் கல்லூரியோ, மீன்வளக் கல்லூரியோ தனியாக ஒரு கருவி வாங்கி, கடற்கரைக் கிராமத்தில் ஓர் ஆளை உட்கார வைக்கட்டும். மீனவப் பெண் கூடையோடு வந்து 'இதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?' என்று இன்றைக்கே கேட்டுப் பழகட்டும். விபத்து நடந்த மறுநாள் முன்பின் தெரியாத ஒருத்தர் கருவியோடு வந்து நின்றால் யாருங்க கதவைத் திறப்பாங்க?