பத்தில் எட்டு தோல்வி

பரீட்சையில் பத்துக்கு இரண்டு மார்க் வாங்கி வரும் பிள்ளையை நம் வீட்டில் யாரும் மடியில் வைத்துக் கொஞ்சுவதில்லை. "அடுத்த வீட்டு அம்பியைப் பார்!" என்று ஆரம்பித்து விடுவோம். ஆனால் அமெரிக்காவில் ஓர் ஊர், பத்துப் பந்தயங்களில் இரண்டே இரண்டில் ஜெயித்த தன் காலேஜ் கோஷ்டியை ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தலையில் வைத்துக் கொண்டாடி வருகிறது. காரணத்தைச் சொன்னால் நீங்களும் சரிதான் என்பீர்கள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் என்னவோ ஃபுட்பால். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள்! பந்தும் உருண்டை அல்ல. இரு முனையும் கூம்பியிருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். தலையில் கவசம், தோளில் திண்டு. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளி கைக்குப் போய்விடும். நமக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஊரின் பெயர் ஹண்டிங்டன். மேற்கு வர்ஜீனியாவில், ஒஹையோ நதிக்கரையில் இருக்கிறது. அங்குள்ளது மார்ஷல் சர்வகலாசாலை. 1970 நவம்பர் 14-ந் தேதி அதன் கோஷ்டி வட கரோலினாவுக்குப் போய் ஆடி, 17-க்கு 14 என்று தோற்று, விமானத்தில் திரும்பிக் கொண்டிருந்தது. மழை, மூட்டம். ஊர் விமான நிலையத்தை நெருங்கும் சமயத்தில் விமானம் குன்றில் மோதி எரிந்தது. அதிலிருந்த 75 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் மட்டும் 37 பேர். பயிற்சியாளர்கள், ஊர் டாக்டர்கள், கூடப் போயிருந்த தம்பதிகள் எல்லோரும் ஒரே ராத்திரியில் போய்விட்டார்கள். அடையாளம் காண முடியாத ஆறு பையன்களை அடுத்தடுத்து அடக்கம் செய்தார்கள்.

இனி அந்த ஆட்டமே வேண்டாம் என்ற பேச்சு எழுந்தது. அதில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? இருந்தாலும், ஆடுவது என்றே முடிவாயிற்று. ஜாக் லெங்கியல் என்பவர் பயிற்சியாளராக வந்தார். அன்று விமானம் ஏறாத சிலரே கோஷ்டியில் பாக்கி. அந்நாள் விதிப்படி முதல் வருஷ மாணவர்கள் பிரதான கோஷ்டியில் ஆடக் கூடாது. மார்ஷலுக்கு விசேஷ அனுமதி கிடைத்தது. அன்று காரில் வந்ததால் தப்பிய உதவிப் பயிற்சியாளர் ரெட் டாஸன், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு வருஷம் கூட இருந்து உதவினார். பிறகு அந்தத் தொழிலையே விட்டு விலகினார்.

1971-ன் முதல் பந்தயத்தில் 29-க்கு 6 என்று தோல்வி. அடுத்தது செப்டம்பர் 25-ந் தேதி, சொந்த ஊரில், ஸேவியர் கோஷ்டியுடன். ஆட்டம் முடியும் தறுவாயில் மார்ஷல் 9, ஸேவியர் 13. கடைசி முயற்சி. ரெஜி ஆலிவர் எறிந்த பந்தைப் பிடித்துக்கொண்டு டெர்ரி கார்ட்னர் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினார். 15-க்கு 13! ஜனங்களுக்கு மைதானத்தை விட்டுப் போகவே மனம் வரவில்லை. பிறகு பௌலிங் கிரீன் கோஷ்டியை 12-க்கு 10 என்று ஜெயித்தார்கள். அந்த வருஷத்து வெற்றிக் கணக்கு அவ்வளவுதான்.

சகோதரிகளே, எனக்கு அந்தப் பையன்களைவிட அவர்களுடைய தாய்மாரைப் பற்றித்தான் நினைக்கத் தோன்றுகிறது. விபத்து நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதே நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளை வாசற்படி தாண்டும்போது, "போகாதே" என்று சொல்லாமல் இருக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! பந்தயத்தின் கணக்கில் அந்தத் தைரியத்துக்கு இடமில்லை.

காலம் போயிற்று. 1992-ல் மார்ஷல் கோஷ்டி தன் பிரிவில் தேசிய சாம்பியன் ஆயிற்று. 2006-ல் இந்தக் கதை சினிமாவாகவும் வந்தது. ஆனால் இன்றும் அந்தச் சர்வகலாசாலைக்குப் போனால் முதலில் காட்டுவது வெற்றிக் கோப்பையை அல்ல, ஒரு நீரூற்றைத்தான் என்று நினைக்கிறேன். 1972-ல் ஞாபகார்த்தமாக அமைத்தது. ஒவ்வொரு நவம்பர் 14-ந் தேதியும் எல்லோரும் அதைச் சுற்றிக் கூடுகிறார்கள். இறந்தவர்களை நினைவு கூர்ந்து தண்ணீரை நிறுத்துகிறார்கள். குளிர்காலம் முழுவதும் ஊற்று மௌனமாக இருக்கும். வசந்தம் வந்ததும் மறுபடி திறந்து விடுகிறார்கள்.