பைத்தியத்துக்கு ரெண்டு வாசல்

‘ஆரஞ்ச் இஸ் தி நியூ பிளாக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் (2013–2019) பெண்கள் சிறையைப் பற்றியது. அதில் வரும் ஆலோசகர் சாம் ஹீலிக்காக உருகாதவர் இல்லை. தாயின் மனநோயைப் பார்த்து வளர்ந்தவர். 2016இல் வந்த நான்காம் பருவத்தில் சாகத் துணிந்து ஏரிக்குள் இறங்குகிறார். போன் மணி கேட்டுத் திரும்புகிறார். தானே போய் மனநல மருத்துவமனையில் சேர்கிறார்.

சரி, லாலிக்காக யார் அழுதது? காதில் குரல்கள் கேட்கும் கைதி அவள். ஒரு கொலையில் தனக்கும் பங்குண்டென்று ஹீலியிடமே சொன்னாள். பிரமை என்று ஒதுக்கினார். பிணம் கிடைத்தபின், கதறியவளைச் சிறையின் மனநோய்ப் பிரிவில் கொண்டுபோய் விட்டவரும் அவரே. அவருக்குக் கிடைத்தது சிகிச்சை. அவளுக்குக் கிடைத்தது சிறைக்குள் இன்னொரு சிறை.

இது அமெரிக்கக் கதைன்னு தள்ளிட முடியுமா? நாட்றம்பள்ளியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புக்குப் போய்வர்ற நம்ம சனத்துல ஒருத்தன் ராத்திரியில தனியாப் பேசினா ‘குடி முத்திடுச்சி’ம்பாங்க. கேசுல மாட்டி உள்ள போனா ‘நடிக்கிறான்’. படித்த மேல்சாதிக்காரருக்கு வந்தால்தான் அது மனஅழுத்தம்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம் (2017) 103ஆம் பிரிவைப் படியுங்கள். ‘இங்கே மனநோயாளிக் கைதி யாரும் இல்லை’ என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கொருமுறை சான்று தரவேண்டுமாம்! நோயுற்றவரைச் சிகிச்சைக்கு மாற்றிவிட வேண்டும் என்பது நோக்கமாயிருக்கலாம். ஆனால், கேட்க ஆளில்லாத இடத்தில் இல்லையென்று எழுதுவது எவ்வளவு சுலபம்!

500 கைதிகளுக்கு ஒரு மனநல ஆலோசகர் என்பது 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேட்டின் அளவு. ‘இந்தியா நீதி அறிக்கை 2025’ தரும் கணக்கு: நாடு முழுக்க 5.7 லட்சம் கைதிகளுக்கு 25 பேர். ஒருத்தர் தலையில் 22,000 பேருக்கு மேல். கேக்கிறவனும் ஒடைஞ்சிதான் போவான். ஹீலியின் வலியை நான் மறுக்கவில்லை. அவர் வலியைக் காட்டி லாலியை மறைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கூட்டுவது ஒரு சாதி, சமைப்பது ஒரு சாதி என்று பல மாநிலச் சிறை விதிகளில் எழுத்திலேயே இருந்தது. 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் சுகன்யா சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அப்படிப்பட்ட சிறையில் ஒருவன் மனம் உடைந்தால் அதற்குச் சாதி காரணமில்லையா? சாதி என்ற சொல்லே வராத ஆலோசனை யாருக்கு வேண்டும்?

கையேடு சொன்ன 500க்கு ஒருவரை நியமி. சேரியின் பேச்சு புரிந்தவர்களை நியமி. கேட்டுக் கேட்டுச் சோர்ந்த ஆலோசகருக்கும் சிகிச்சை கொடு. ஆனால் லாலியையும் அதே வாசல் வழியாக உள்ளே விடு.