பேனர் வைக்கும் முன் பிள்ளையின் காதைப் பாருங்கள்

பட்டினச்சேரி ஊர்மக்களுக்கும், பஞ்சாயத்தார்களுக்கும், திரு.பட்டினம் கொம்யூனில் உள்ள உறவுகள் அனைவருக்கும் இவ்வூர்த் தாய்மார்கள் வைக்கும் வேண்டுகோள்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. அந்த வீட்டு வாசலில் போய் நின்று துக்கம் விசாரித்தது போதும். போன வருடம் மாசி மகத்துக்கு நம் மாப்பிள்ளைச் சாமி, திருக்கண்ணபுரத்துப் பெருமாள், கடற்கரைக்கு எழுந்தருளிய அன்று வேட்டுச் சத்தத்தில் கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. 11 மாதப் பிள்ளை ஒருவன் மட்டும் தாயின் தோளில் அசையாமல் தூங்கினான். அவளுக்கு அன்றே சந்தேகம் வந்துவிட்டது. வந்ததைச் சொல்லவும் செய்தாள். நாம் என்ன சொன்னோம்?

"ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும்." "அவங்கப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்." "நாக்குல வசம்பு தடவு." "கெட்டதையே நெனைக்காத புள்ள." பக்கத்து வீட்டில் ஒருவர் எவர்சில்வர் தட்டைத் தட்டிக் காட்டினார், பிள்ளை திரும்பினான், விவகாரம் அத்தோடு முடிந்தது. தட்டை ஓங்கிய கையைப் பார்த்துத் திரும்பினானா, சத்தம் கேட்டுத் திரும்பினானா என்று ஒருவரும் கேட்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஆண்கள் கரைக்கு வந்ததும் முதல் பிறந்தநாள் நடந்தது. தெருமுனையில் பேனர், பந்தலில் பிரியாணி. கட்டியிருந்த ஒலிபெருக்கிக்குக் கீழேதான் அவனை உட்கார வைத்துக் கேக் வெட்டினோம். இப்போது இரண்டு வயதை நெருங்கும்போது, இரண்டு காதும் கேட்கவில்லை என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று இன்று அந்தத் தாயைக் கேட்பவையும் அதே வாய்கள்தான்.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் உலகில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 3 பேர். பிறந்து 1 மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும், 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்ய வேண்டும், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. நம் பிள்ளைக்கு ஆறு மாதக் கணக்கு 23 மாதமாகிவிட்டது. இதில் 12 மாதம், தாய் சொல்லியும் நாம் தின்ற மாதம். காது கேளாத குழந்தையும் ஐந்தாறு மாதத்தில் 'ங்கா' சொல்லும், சிரிக்கும். அதன் பிறகு மழலை வளராமல் குறைந்துகொண்டே போகும். அந்த 'ங்கா'வை நம்பித்தான் வீடுகள் ஏமாறுகின்றன. காதுக்குள் சிறு குழாய் வைத்துப் பார்க்கும் முதல் சோதனைக்குச் சில நிமிடம் போதும், வலியும் கிடையாது. அடுத்த சோதனையைப் பிள்ளை தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு உதவும் மத்திய அரசுத் திட்டமும் 5 வயதுவரைதான் கை கொடுக்கும். சீக்கிரம் பொருத்தினால்தான் பேச்சு வரும்.

இன்னொரு பக்கம், கவலையே வேண்டாத தாயை நாம் அரித்துத் தின்கிறோம். 13 மாதத்தில் நடக்காத பெண் குழந்தையைக் கண்டால் வருகிறவர் போகிறவரெல்லாம் "இன்னும் நடக்கலையா?" உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடப்பது 8.2 மாதத்திலும் வரலாம், 17.6 மாதத்திலும் வரலாம். 100க்கு 4 பிள்ளைகள் தவழாமலேயே நடந்திருக்கிறார்கள். நடக்க வைப்பதற்காக மணலில் குழி தோண்டி இடுப்புவரை புதைப்பதும், சக்கர வாக்கரில் உட்கார வைப்பதும் வேண்டாம். அந்த வாக்கர் காலுக்குப் பலம் தருவதில்லை, ஆபத்தும் அதிகம். கனடா அதை 2004இலேயே தடை செய்துவிட்டது. நம் கடைகளில் அதுதான் பிறந்தநாள் பரிசு!

கவலைப்பட வேண்டியவை வேறு. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதைக் காட்டவோ டாட்டா சொல்லவோ கை நீட்டவில்லை, 'மா', 'பா' என்ற மழலை இல்லை, பிடித்துக்கொண்டும் நிற்கவில்லை என்றால் மறுநாளே கிளம்புங்கள். செய்துகொண்டிருந்ததை எந்த வயதில் மறந்தாலும் அப்படித்தான். இதைச் சொல்லும் தாயை "போனைப் பாத்துப் பயப்படுறா" என்று அடக்காதீர்கள்.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளை நர்சம்மா தூக்கிப் பார்ப்பதே ஊசி நாளில்தான். 9ஆம் மாதம் தட்டம்மை ஊசி, அடுத்தது 16ஆம் மாதத்துக்கு மேல். நடுவில் 7 மாதம், முதல் பிறந்தநாளும் அதற்குள்தான் வருகிறது. 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆம் பிரிவில், எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளையின் முதல் பிறந்தநாளை ஒட்டி யார் வந்து பார்த்தார்கள்? நினைத்துப் பாருங்கள். தடைக்கால நிவாரணம் தாமதமானால் சாலையில் உட்காரத் தெரிந்த ஊர், இதற்காக ஒரு மனு எழுதியிருக்கிறதா?

ஏப்ரல் 15இல் மறுபடி தடைக்காலம் தொடங்குகிறது. 61 நாள் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பிறந்தநாள்களும் காதுகுத்துகளும் வரிசையாக வரும். அதற்குள் 9 மாதம் முதல் 2 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் நம் ஊரிலேயே காது, வளர்ச்சிப் பரிசோதனை முகாம் நடத்தும்படி பஞ்சாயத்தார்கள் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். கையெழுத்து வாங்க நாங்கள் வீடு வீடாக வருகிறோம். அப்பாமார்களே, முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் பேனருக்கு முன்பணம் கொடுக்கும் முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரு.பட்டினம் சுகாதார நிலையத்துக்கோ காரைக்கால் பொது மருத்துவமனைக்கோ போங்கள். தாயை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள்.

இனி இந்த ஊரில் சந்தேகப்படும் தாயிடம் "பொறு" என்று சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் வீட்டு வாசலுக்கே வந்து கேட்போம்: எத்தனை மாதம் பொறுக்க வேண்டும், பிள்ளை பேசாமல் போனால் பொறுப்பு யாருடையது?

இப்படிக்கு,
பட்டினச்சேரித் தாய்மார்கள்