கத்தரிக்கோலும் ராக்கெட்டும்

திருவண்ணாமலையின் கிழக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று அதன் 11 நிலைகளையும் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, 217 அடி, அதாவது ஏறத்தாழ 66 மீட்டர் என்னும் உயரம் எத்தகையது என்று எவரும் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முதல் சந்திரயானை 2008 அக்டோபர் 22ஆம் தேதியும் மங்கள்யானை 2013 நவம்பர் 5ஆம் தேதியும் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் உயரமோ 44.4 மீட்டர், நம் கோபுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கோபுர நிழலில் வளர்கிற பிள்ளைகளுக்கு ராக்கெட்டின் ஆகிருதியை உணர்த்த இதனினும் உகந்த அளவுகோல் வேறில்லை என்பதாலும், நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் கோபுரமும் ராக்கெட்டும் ஒரே பெஞ்சின்மேல் அட்டையில் எழுந்து நிற்கக்கூடும் என்பதாலும், இவ்வூரின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் அட்டை ராக்கெட் செய்யும் அப்பியாசம் ஒரு பாடமாகவே இடம்பெற வேண்டும் என்று வாதிட முற்படுகிறேன்.

விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை பீடிகையா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் பள்ளிகளின் விஞ்ஞானக் கண்காட்சிகளில் இன்று காணக்கிடைக்கிற தெர்மாகோல் ராக்கெட்டுகளின் முன் சற்று நின்று கவனித்தால், அவற்றுள் பல, பிள்ளை உறங்கிய பிறகு தகப்பனார் ஒட்டியவையாகவோ, கடையில் காசு கொடுத்துச் செய்வித்தவையாகவோ இருப்பதும், அருகில் நிற்கும் பிள்ளை மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களை ஒப்பிப்பதோடு கடமை தீர்ந்ததாகக் கருதுவதும் புலப்படும். அந்தப் பிள்ளையின்மேல் எனக்குக் குறையில்லை. பளபளப்பைக் கண்டு பரிசு கொடுத்துப் பழகிவிட்ட பெரியவர்களாகிய நாமே அதன் கைகளுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டோம்.

அட்டை வேலையிலோ கணிதம் விரல்களின் வழியே உள்ளே புகுகிறது. பி.எஸ்.எல்.வி.யின் நடுவுடல் 2.8 மீட்டர் குறுக்களவு உடையது; நம் அளவில் 28 மில்லிமீட்டர். 28ஐ 22ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் 88. ஒட்டும் விளிம்புக்கு 5 சேர்த்து 93 மில்லிமீட்டர் அகலத்தில் அட்டையை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் இன்னொன்றையும் அறிய வேண்டும்: அட்டைக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு, இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இணங்கும், மறுபக்கம் முரண்டும். இணங்குகிற பக்கமாகவே குழாயைச் சுருட்ட வேண்டும். இல்லாவிடில் உருளை வட்டமாக வராமல் மடிந்து மடிந்து பட்டைதட்டும். மேஜை விளிம்பில் அட்டையை அழுத்தி இழுத்து முன்னதாகவே சுருளவைப்பதும், பசையை மெல்லிய பூச்சாக இட்டு அது பற்றும்வரை விரலால் பொறுமையாகப் பிடித்திருப்பதும் எந்தப் பாடநூலும் சொல்லித் தராத சிரத்தையைக் கற்பிப்பவை.

தலைப்பகுதியின் உறை 3.2 மீட்டர், அதாவது நடுவுடலைவிடச் சற்றுப் பருமனானது. ஆகவே இரண்டையும் இணைக்கிற துண்டு, பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் மாணவர்கள் சூத்திரமாக மட்டும் அறிந்து அஞ்சுகிற கூம்பின் இடைக்கண்டமே அன்றி வேறல்ல. உச்சிக் கூம்புக்கு அடி ஆரம் 16 மில்லிமீட்டர், சாயுயரம் 48 என்று கொண்டால், 48 ஆரமுள்ள வட்டத்தில் 120 பாகை கொண்ட பகுதியை வெட்டிச் சுருட்டினால் போதும். தட்டையான தாள் கூம்பாக எழுகிற அந்தக் கணத்தில் ஆரம் சாயுயரமாக மாறுவதைக் கண்ணால் பிரத்தியட்சமாகக் கண்ட பிள்ளைக்கு அந்தச் சூத்திரம் மறக்காது. பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆறு துணை உந்திகள் 12 சென்டிமீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் பருமனும் கொண்ட குழல்கள்.

இவ்வளவு அழகாகச் செய்த ராக்கெட்டை அப்படியே காற்றில் ஏவினால் அது குட்டிக்கரணம் போட்டு விழும். விஞ்ஞானம் ஆரம்பிக்கிற இடம் அதுதான் என்பது என் துணிபு. அசல் பி.எஸ்.எல்.வி.க்கு இறக்கைகள் இல்லை. வெளிப்படும் வாயுவின் திசையைத் திருப்பியே அது தன் பாதையைத் திருத்திக்கொள்கிறது. அந்த வசதி இல்லாத அட்டை ராக்கெட்டுக்கு அடியில் மூன்று அல்லது நான்கு இறக்கைகளும் நுனியில் சிறிது களிமண்ணும் வேண்டும். அதன் எடை மையம், காற்று அழுத்தும் மையத்துக்குக் குறைந்தது ஓர் உடற்பருமனளவு முன்னால் இருந்தாக வேண்டும். எடை மையத்தை விரல்மேல் நிறுத்திக் கண்டுவிடலாம். மற்றதற்கு ஒரு பழைய யுக்தி இருக்கிறது: ராக்கெட்டின் பக்கத்தோற்றத்தை மீந்த அட்டையில் வரைந்து வெட்டி, அதை ஸ்கேலின் விளிம்பில் நிறுத்திப் பார்த்தால், அது சமனாகிற இடமே அந்த மையத்துக்குப் போதுமான உத்தேசம்.

ஏவுவதற்குக் காற்றே போதும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைச் சைக்கிள் டியூபால் அரை அங்குல பி.வி.சி. குழாயோடு பிணைத்து, குழாயின்மேல் தளர்வாக நுழைகிற காகித ராக்கெட்டைச் செருகி, பாட்டிலைக் காலால் மிதித்தால் அது சீறிக் கிளம்பும். குழாய்க்கு நேரே எவரும் முகம் காட்டக்கூடாது. தீக்குச்சி மருந்தையோ வாணத்தைப் பிரித்தெடுத்த மருந்தையோ குழலில் அடைக்கும் விபரீத முயற்சியை மட்டும் பெற்றோரும் உபாத்தியாயர்களும் தயவு தாட்சண்யமின்றித் தடுக்க வேண்டும். விரல்களையும் கண்களையும் பறிகொடுக்கிற வழி அது, 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் உரிமமின்றி அதற்கு இடம் தரவில்லை.

சிறியதிலிருந்து ஆரம்பிப்பது இந்த தேசத்துக்குப் புதிதன்று. 1963 நவம்பர் 21ஆம் தேதி தும்பாவிலிருந்து புறப்பட்ட முதல் ராக்கெட் அமெரிக்காவில் செய்யப்பட்டது. நான்கு வருஷம் கழித்து 1967இல் நாமே செய்து அங்கிருந்து ஏவிய முதல் ரோகிணி ராக்கெட்டின் குறுக்களவு 75 மில்லிமீட்டர் மட்டுமே, ஒரு பிள்ளையின் இரு கைகளுக்குள் அடங்கிவிடும் பருமன். கைவேலையின் வழியே கற்பதும் புதிதன்று: 1937இல் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது கைத்தொழிலை மற்றப் பாடங்களுக்கு நடுவே வைத்தாரேயன்றி ஓரத்தில் ஒதுக்கவில்லை. நூல் நூற்கும் தக்ளி இருந்த இடத்தில் இன்று கத்தரிக்கோல் இருக்கட்டும். அரசுப் பள்ளிகளின் நடுநிலை வகுப்புகளுக்காக 2022 நவம்பரில் துவக்கப்பட்ட, செய்முறை அறிவியலுக்கான வானவில் மன்றம் இதற்கு இயல்பான வாயில்.

கல்வித் துறை செய்ய வேண்டியது அதிகமில்லை. பாகங்களின் வரைபடத்தை, அளவுகளோடு, ஆனால் விடைகளின்றி, ஓரிரண்டு தாள்களில் உள்ளூர் அச்சகத்திலேயே அச்சிட்டுப் பள்ளிகளுக்கு வழங்கலாம். பி.எஸ்.எல்.வி.க்கு அடுத்தபடியாக, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினத்திலிருந்து புறப்பட இருக்கிற, 34 மீட்டர் உயரமும் 2 மீட்டர் பருமனும் கொண்ட, நம் கோபுரத்தில் ஏறத்தாழப் பாதி அளவான எஸ்.எஸ்.எல்.வி.யைச் செய்விக்கலாம். கண்காட்சிப் பரிசுக்கு ஒரு விதியும் வேண்டும்: நடுவர்கள் மாதிரியைப் பார்த்த பிறகு அதைச் செய்ததாகச் சொல்லும் மாணவியிடம் ஓர் அட்டை, காம்பஸ், பாகைமானி, கத்தரிக்கோல் ஆகியவற்றைக் கொடுத்து, தாங்கள் சொல்லும் ஆரத்துக்கும் சாயுயரத்துக்கும் பொருந்த ஒரு கூம்பை அங்கேயே செய்துகாட்டச் சொல்லட்டும்.