சுவிட்ச் போட்டா அருவி!

சீசனுக்குக் குற்றாலம் போகும் ஆபீஸ் கோஷ்டிகளில் இரண்டு வகை உண்டு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்கு ஓடுகிறவர்கள் ஒன்று. ரிசார்ட்டில் ரூம் போட்டு, ஏ.சி.யையும் போட்டு, போர்வைக்குள் புகுந்துகொள்கிறவர்கள் இன்னொன்று. வெளியே கடவுள் இலவசமாகவே ஏ.சி. போட்டிருக்கிறார் என்பது இவர்களுக்குத் தெரியாது.

ஜூனில் மற்ற ஊர்களில் அனல் பறக்கும்போது இங்கே மட்டும் எப்படிச் சாரல்? செங்கோட்டைப் பக்கம் மலையில் ஒரு கணவாய். கேரளத்தில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழை அதன் வழியாக எட்டிப் பார்த்து, நம் மேல் நாலு துளி தெளித்துவிட்டுப் போகிறது. அவ்வளவுதான்.

இரண்டாவது கோஷ்டியே, ஒரு நாள் வெளியே வாருங்கள். காலையில் பேரருவி. மேலேயிருந்து வரும் தண்ணீர் முதலில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அப்புறம்தான் நம் தலைக்கு வருகிறது. இல்லாவிட்டால் தலை மிஞ்சாது. அங்கே மானேஜரும் பியூனும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க" என்றால் மானேஜரும் தள்ளத்தான் வேண்டும். தண்ணீர் கிரேடு பார்ப்பதில்லை.

இது பிடிக்காதவர்களுக்காகச் சிலர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மலைத் தண்ணீரைத் திருப்பி, காம்பவுண்டுக்குள் தனி அருவி. "சார், நமக்கு மட்டும்தான் சார்!" இப்படி இயற்கை அருவியைத் திசை திருப்பிய விடுதிகளை மூடச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. நியாயம்தானே? இந்தத் தண்ணீர்தான் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் சேருகிறது. நடுவில் எத்தனை வயல், எத்தனை குளம்!

நிஜ அருவிக்கு சுவிட்ச் கிடையாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே போலீஸ் விசில் அடித்தால் "அஞ்சு நிமிஷம் சார்" என்று கெஞ்சாமல் வெளியேறுங்கள்.

தலை துவட்டியதும் சித்திரசபைக்கு நடையைக் கட்டுங்கள். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. மற்ற இடங்களில் சிலையாக ஆடுகிறவர் இங்கே ஓவியமாக ஆடுகிறார். கூட்டம் இருக்காது, எல்லோரும் அருவியில் இருப்பார்கள். மத்தியானம் பஸ் பிடித்துப் பிரானூர் பார்டரில் புரோட்டா. எத்தனை என்று எண்ண வேண்டாம்.

சாயங்காலம் தென்காசி. காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். பழைய கோபுரம் பாழாகி நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இப்போதிருக்கும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 1990-ல் குடமுழுக்கு நடந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் ஒரு கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறான். பிற்காலத்தில் இதைப் பழுது பார்த்துக் காப்பாற்றப் போகிறவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்கிறான். கட்டியவன் ராஜா, கும்பிடுவது பெயர் தெரியாத யாரையோ!

பொதுச் சொத்து என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? கோயிலுக்குச் சொன்னது அருவிக்கும் பொருந்தும். ராஜா வைத்த கும்பிடு இன்னும் கல்லில் அப்படியே இருக்கிறது. ஷாம்பு பாக்கெட்டை அருவியில் வீசும்போது அதை வாங்கிக்கொள்ள நமக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.