மின்னோட்டமும் இளஞ்சிறார் மூளையும்

கண் ஓயாது இமைத்தல், தோள் குலுங்குதல், முகம் சுளித்தல், தொண்டையைச் செருமுதல் முதலியன சில சிறாரிடம் அவர் விரும்பாமலே நிகழ்கின்றன. இவற்றை மேனாட்டு வைத்தியர் ‘டிக்’ என்பர். 1885-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஜில் தெ லா தூரெத் இத்தகைய நோயாளர் ஒன்பதின்மரின் வரலாற்றை வெளியிட்டனர். உடற்றுடிப்பும் குரலொலியும் சேர்ந்து நீடிக்கும் நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இச்சிறாருக்கு, மண்டையோட்டைத் திறவாமலே மூளையில் மின்சாரம் செலுத்திச் சிகிச்சை செய்யலாமோ என்னும் ஆராய்ச்சி இக்காலத்து நடைபெறுகின்றது. அதுபற்றி எமது அபிப்பிராயத்தை நேயர்முன் வைக்கத் துணிந்தோம்.

உப்புநீரில் தோய்ந்த பஞ்சுறை மூடிய தகடுகள் இரண்டினைத் தலைமேற் பொருத்தி, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் அளவினதாகிய மெல்லிய மின்னோட்டத்தைச் சில நிமிடம் செலுத்துவது இம்முறைகளுள் ஒன்று. இவ்வோட்டம் மூளைப் புறணியின் கிளர்ச்சியை மிகுக்கவும் குறைக்கவும் வல்லது என்பதனை ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து நிட்ஷே, பௌலஸ் என்னும் அறிஞர் 2000-ஆம் ஆண்டில் காட்டினர். மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுத் திரள்களுக்கும் அசைவை ஏவும் புறணிக்கும் இடையேயுள்ள தொடர்பு பிறழ்தலே டிக்கிற்குக் காரணம் என்பர். ஆதலின், மிகைப்பட்ட கிளர்ச்சி தணியின் துடிப்பும் தணியும் என எதிர்பார்க்கின்றனர். எதிர்பார்ப்பு நன்றே, ஆயினும் அது சான்றாகாது.

இந்நோயின் இயல்பினை நோக்குக. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதிற்குள் தோன்றி, பத்து முதல் பன்னிரண்டு வயதளவில் உச்சமுற்று, பின்னர்ப் பலரிடம் தானே குறைகின்றது. இடையிலும் சில வாரம் மிகுந்தும் சில வாரம் தணிந்தும் வரும். பெற்றோர் வைத்தியரை நாடுவதோ அது மிகுந்த வேளையிலேயாம். பின்னர் இயல்பாகத் தணிந்ததனைக் கருவியின் வெற்றி எனக் கொள்ளுதல் எளிது. இம்மயக்கம் தீர, ஒரு சாராருக்கு அரை நிமிடமளவே மின்னோட்டம் தந்து நிறுத்தி, அதனை அவரறியாவண்ணம் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். டிக்கினைக் குறித்து இம்முறையில் இதுகாறும் நிகழ்ந்த சோதனைகளோ மிகச் சிலரையே கொண்டவை. மேலும், சிறாரின் மண்டையோடு மெல்லிதாதலின், பெரியோர்க்கு அளந்த மின்னோட்டமே அவர் மூளையில் மிகுதியாகத் தாக்கக்கூடும்.

மருந்துகளும் சோர்வும் உடற்பருமனும் விளைத்தலின், காலந்தாழ்த்தல் கொடுமையன்றோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், காத்திருக்குங்கால் வேறு துணையில்லாமல் இல்லை. துடிப்பிற்கு முன்னெழும் உந்துணர்வைக் கண்டுகொண்டு, அதற்கு மாறான அசைவைச் செய்யப் பழக்கும் பயிற்சியொன்று உண்டு. ஒன்பது முதல் பதினேழு வயதிற்குட்பட்ட 126 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்து 2010-இல் வெளியான சோதனையில், இப்பயிற்சி பெற்றாருள் நூற்றுக்கு 52.5 விகிதத்தினரும், ஆதரவும் விளக்கமும் மட்டும் பெற்றாருள் 18.5 விகிதத்தினரும் நலமெய்தினர். மின்சார முறைகளையும் செவ்வையாகச் சோதிக்கவியலும். மணிக்கட்டின் நரம்பிற்கு மெல்லிய மின்துடிப்பளிக்கும் கருவியை, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலுமுள்ள 121 பேரிடம், பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டே ஆராய்ந்தனர். தலையைத் தொடாத கருவிக்கே இத்துணை எச்சரிக்கை வேண்டப்பட்டதாயின், தலைமேல் வைப்பதற்கு அதனினுங் குறைதல் தகுமோ?

ஆதலின், தக்க வைத்தியர் நடத்தும் ஒப்பீட்டுச் சோதனையிலன்றி, வீட்டில் வாங்கி வைத்த கருவியால் எக்குழந்தையின் தலையிலும் மின்சாரம் செலுத்தலாகாது என்பதே எமது துணிபு. சோதனையிலும், பெற்றோர் இசைவோடு குழந்தையின் இசைவையும் கேட்டல் வேண்டும். துடிப்பினும் பிறர் நகைப்பே சிறாரை மிகுதியாக வருத்துதல் உண்டு. தும்மலைப் போல் இதனையும் சிறிது நேரம் அடக்கலாம்; அவ்வளவே. ஒரு மணிநேரம் அடக்கினான் என்பதனால் மறுமணியில் துடித்தது குறும்பாகாது. நாளை ஆசிரியராகப் போகும் நம்முட் பலர் இதனை அறிந்து, வகுப்பில் அவனைத் தண்டியாதும் பிறர் நகையாதும் காப்பாராக. அதற்கு எக்கருவியும் வேண்டுவதில்லை. எச்சோதனையின் முடிவிற்கும் காத்திருக்க வேண்டுவதுமில்லை.