வலைமுன் நின்ற தங்கராஜ்

திருகோணமலைத் துறைமுகத்தருகே மாலைதோறும் சிறுவர் உதைபந்தாடக் காண்கிறோம். கோல் காக்க மட்டும் எவரும் முன்வரார். இளையவனையே பிடித்து நிறுத்துவர்.

ஹைதராபாத்தில் 1935இல் பிறந்து, மதராஸ் ரெஜிமென்டில் ஆடிய பீற்றர் தங்கராஜும் தொடக்கத்தில் முன்னணி ஆட்டக்காரரே. பின்னரே பந்துக்காப்பாளராகி, 1956, 1960 ஒலிம்பிக் விழாக்களுக்குச் சென்றார்.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்தமையால் ஊரே சினந்திருந்தது. காய்ச்சலுற்றிருந்த தங்கராஜையே இறுதி ஆட்டத்தில் நிறுத்தினர். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரின் ஏளனக் கூச்சல்! தென்கொரியாவுக்கு ஒரே கோல், இந்தியாவுக்கு இரண்டு. அடித்தவர் பானர்ஜியும் ஜர்னயில் சிங்கும் எனப் பதிவுண்டு. தடுத்தவற்றை யார் எண்ணினர்?

கற்களிடையே நின்ற சிறுவனுக்கு இதைச் சொன்னோம். “அவர் முதல்ல கோல் அடிக்கிறவரோ, சேர்?” என்றான்.